டீசலைக் குடிச்சது யாரு?

பொங்கலுக்கு வத்தலகுண்டு போயிருந்தேன். மாமா வீட்டு வாசல்ல வண்டி நிக்குது, டிரைவர் அண்ணனைக் காணோம். பதினோரு வருஷமா அந்த வண்டியையும் அவரையும் தனித்தனியா பார்த்ததே இல்லை.

"அண்ணன் எங்க மாமா?"

"நிறுத்திட்டேன் மாப்ள. டீசலை வித்துத் திங்கிறான்."

அவ்வளவுதான். அதுக்கு மேல பேச்சு இல்லை. அத்தை மட்டும் அடுப்படியில வச்சு மெதுவா சொன்னாங்க. மைலேஜ் 11 குடுத்த வண்டி 7.5-க்கு வந்துடுச்சாம். மெக்கானிக் பார்த்து "என்ஜின்ல ஒண்ணும் கோளாறு இல்லை"ன்னு சொல்லிட்டாராம். என்ஜின்ல கோளாறு இல்லைன்னா கோளாறு ஆள் மேலதானே. நம்ம ஊர் லாஜிக் அது.

முதல்ல ஒரு டிஸ்கி. நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது ஜாவா. நாலு வருஷம் படிச்ச ஐசி என்ஜின் பாடம் பரீட்சை எழுதின அன்னிக்கே ஆவியாயிடுச்சு. இந்த விவகாரத்துக்காக மறுபடி தூசு தட்டினப்போ கிடைச்ச சரித்திரம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க மக்கா. வண்டி கம்பெனி பேரை மட்டும் கேட்காதீங்க, வக்கீல் நோட்டீஸுக்கு பதில் எழுத எனக்கு நேரமில்லை :)

மாமாவுக்கு தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம், ஊடால மிளகும் மலை வாழையும். வாரத்துல மூணு நாலு தடவை மலை ஏறி இறங்கணும். அதுக்காக செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதுதான் இந்த டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவ். இருபது வருஷப் பழசு. கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கேனர் சொருக ஓட்டை கிடையாது. அதனால கண்ணு, காது, மூக்கு, கணக்கு இதை வச்சுத்தான் நோய் கண்டுபிடிக்கணும்.

கணக்குன்னதும் ருடால்ஃப் டீசல் ஞாபகம்தான் வருது. 1897 பிப்ரவரியில ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில அவரோட என்ஜினை மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதிச்சார். எவ்வளவு எண்ணெய் உள்ளே போச்சு, எவ்வளவு வேலை வெளியே வந்துச்சுன்னு ரெண்டையும் அளந்து போட்ட கணக்கு. வந்த விடை 26.2 சதவீதம். அந்தக் காலத்து நீராவி என்ஜின்கள் பத்து சதவீதத்தைச் சுத்தி திணறிக்கிட்டிருந்தப்போ இது எவ்வளவு பெரிய பாய்ச்சல்னு யோசிச்சுப் பாருங்க. பெட்ரோல் என்ஜின் வேகத்துக்கும் லேசான எடைக்கும் பேர் வாங்கினது. டீசல் என்ஜினுக்கு அப்படி எந்த அழகும் கிடையாது. கனம், சத்தம், நாத்தம். கம்மியா குடிக்கும்ங்கற ஒரே தகுதியில உலகத்தை ஜெயிச்ச என்ஜின் அது. அது அதிகமா குடிக்க ஆரம்பிச்சா அப்புறம் அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

அதனால நானும் ஆக்ஸ்பர்க் வழியிலயே போகலாம்னு முடிவு பண்ணினேன். உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு.

"டீசல் பில் எல்லாம் இருக்கா மாமா?"

ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய குடுத்தார். பங்க் பில் எந்தக் காகிதத்துல வரும்னு தெரியும்ல? ஆறு மாசத்துல எழுத்து எல்லாம் காணாமப் போயிடும். வெறும் வெள்ளைச் சீட்டுங்க. ஆனா வண்டி டேஷ்போர்டுக்குள்ள ஒரு கோடு போட்ட பாக்கெட் நோட்டு கிடந்துச்சு. தேதி, ஓடோமீட்டர், லிட்டர். தேதி, ஓடோமீட்டர், லிட்டர். நாலு வருஷத்துக்கு. டிரைவர் அண்ணன் முன்னாடி லாரி ஓட்டினவர், அந்தப் பழக்கம். யாரும் கேட்காமலேயே எழுதி வச்சிருக்கார். திருடுறவன் எழுதி வைப்பானான்னு நான் கேட்க, "கள்ளக் கணக்கா இருக்கும்"னு மாமா. சரின்னு விட்டுட்டேன்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் எக்செல்ல ஏத்தினேன். படம் போட்டுப் பார்த்தா ஒரே சரிவு இல்லை, மூணு படி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 11-லேர்ந்து 10.5. போன மழைக்காலத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வழுக்கி 9.5. அப்புறம் ஒரு குறிப்பிட்ட வாரத்துல தொபுக்கடீர்னு 7.5. திருட்டா இருந்தா இப்படியா இருக்கும்? பணமுடை வர்ற மாசம் ஒரு மாதிரி, வராத மாசம் ஒரு மாதிரின்னு கன்னாபின்னான்னு குதிக்கும். இது படிக்கட்டு மாதிரி இருக்கு. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கணும்.

முதல் படிக்குக் காரணம் சிரிப்பா இருக்கும். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வண்டிக்கு என்ன பண்ணீங்க?" "ஒண்ணும் பண்ணலையே. டயர் மாத்தினேன். கொஞ்சம் பெருசா, கெத்தா இருக்கட்டுமேன்னு."

பழைய அளவு 215/75, 15 இன்ச் ரிம். புதுசு 235/75. பழைய டயரோட மொத்த உயரம் கணக்குப் போட்டா 703 மில்லிமீட்டர், புதுசுக்கு 733. ஓடோமீட்டர் எண்ணுறது தூரத்தை இல்லை, சக்கரம் சுத்தின சுத்தை. சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும், ஆனா மீட்டருக்கு அது தெரியாது. 100-ன்னு காட்டுறப்போ வண்டி நிஜமா 104 கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கும். 11-ஐ 1.043-ஆல வகுத்துப் பாருங்க. 10.5 சொச்சம். முதல் படி முழுசும் மாமாவோட கெத்து குடிச்ச டீசல். உண்மையில அது குடிக்கக்கூட இல்லை, கணக்குல மட்டும் காணாமப் போச்சு. மறுநாள் மொபைல் ஜிபிஎஸ்ஸை வச்சு திண்டுக்கல் ரோட்டுல ஓட்டிப் பார்த்தேன், கிட்டத்தட்ட அதே வித்தியாசம்.

மாமா ஒண்ணும் சொல்லலை. "மத்தது?"ன்னு மட்டும் கேட்டார்.

ஃபோர் வீல் டிரைவ்னா அடுத்து எல்லாரும் சந்தேகப்படுறது முன் ஆக்சிலை. இதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு. 1941-லேர்ந்து அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் ஜீப் லட்சக்கணக்குல செஞ்சாங்க. சண்டை முடிஞ்சதும் அதெல்லாம் மலிவா விவசாயிங்க கைக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பை கோர்த்து விக்க ஆரம்பிச்சதும் 1947-லதான். ராணுவத்துல டீசலுக்கோ பெட்ரோலுக்கோ யார் கணக்கு பார்க்கப் போறா? ஆனா விவசாயி பார்ப்பான். ரெண்டு சக்கர இழுவையில ரோட்டுல போறப்போ கூட முன் சக்கரம் தன் ஆக்சில், கியர், ஷாஃப்ட் எல்லாத்தையும் சேர்த்து சும்மாவே சுத்திக்கிட்டு வரும். தேய்மானம், சத்தம், எரிபொருள் நட்டம். 1948-ல ஆர்தர் வார்ன்ங்கற அமெரிக்கர் முன் சக்கரத்தை ஆக்சில்லேர்ந்து கழட்டிவிடுற மாதிரி ஒரு ஹப் பண்ணினார். இறங்கிப் போய் கையால ஒரு திருகு திருகினா சக்கரம் மட்டும் தனியா சுத்தும். பழைய ஃபோர் வீல் வண்டிங்கள்ல முன் சக்கரத்து நடுவுல லாக், ஃப்ரீன்னு எழுதின திருகு பார்த்திருப்பீங்க, அதோட மூலம் இதுதான். எரிபொருள் நட்டத்துக்குன்னு ஃபோர் வீல் வண்டிங்களுக்கு வந்த ஆரம்பகால வைத்தியங்கள்ல ஒண்ணுன்னு இதைத் தாராளமா சொல்லலாம்.

எங்க வண்டியிலயும் அந்தத் திருகு உண்டு. லாக்ல கிடக்கும், கேஸ் முடிஞ்சதுன்னு ஆசையா போய்ப் பார்த்தேன். ரெண்டும் ஃப்ரீ. மழைக்காலம் முடிஞ்சதும் இறங்கித் திருப்பிவிடுறது அண்ணன் வழக்கம்னு அத்தை சொன்னாங்க. ஆனா குனிஞ்சதுக்கு ஒரு பலன் கிடைச்சது. இடது முன் சக்கரம் அனலா கொதிச்சுது, வலது வெதுவெதுன்னு இருந்துச்சு. பிரேக் காலிப்பர் பிடிச்சுக்கிட்டு விடாம உரசுது. இது ஒரு சின்னத் திருடன். கழட்டி சுத்தம் பண்ணி கிட் போட்டதுல சரியாச்சு. ஆனா 11-ஐ 7.5 ஆக்குற அளவுக்கு இவனுக்கு வயிறு கிடையாது.

பெரிய திருடன் எங்கேங்கற தடயம் வண்டிக்குப் பின்னாடியே இருந்துச்சு. பின் கதவு வெள்ளை கலர். சைலன்ஸர் பக்கத்துப் பாதி கரிச்சட்டி மாதிரி கருப்பு. விரலால தேய்ச்சேன், மை மாதிரி ஒட்டிச்சு. அப்பத்தான் பொறி தட்டுச்சு. டேங்க்லேர்ந்து திருடின டீசல் எங்கேயோ போய் வேற வண்டியில எரியும். அது நம்ம வண்டி சைலன்ஸர்ல புகையாது. இங்க புகையுதுன்னா டீசல் நம்ம என்ஜினுக்குள்ளதான் போயிருக்கு. போய், எரியாம வெளியே வந்திருக்கு.

புகையை வச்சு நோய் சொல்றது டீசலுக்கு முன்னாடியே வந்த வித்தை. 1888-ல பாரிஸ்ல மாக்ஸிமிலியன் ரிங்கல்மன்னு ஒரு வேளாண் பொறியியல் பேராசிரியர். வெள்ளை அட்டையில கருப்புக் கோடுகளைக் கட்டம் கட்டமா போட்டார். கோடு தடிக்கத் தடிக்க, தூரத்துலேர்ந்து பார்த்தா சாம்பல் நிறம் அடர்த்தியாத் தெரியும். 0-ன்னா சுத்தம், 5-ன்னா முழுக் கருப்பு. புகைபோக்கிப் புகை எந்த அட்டையோட ஒத்துப்போகுதுன்னு பார்த்தா, கரி எவ்வளவு வீணா போகுதுன்னு ஒரு கணிப்பு. எவ்வளவு எளிமை பாருங்க, ஒரு அட்டை போதும். பின்னாடி டீசல் வண்டிகளுக்கு வெளிச்சம் பாய்ச்சி அளக்கற ஹார்ட்ரிட்ஜ் மீட்டர் வந்துச்சு. நம்ம 1989 மோட்டார் வாகன விதிகள்ல டீசல் புகைக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுன்னு வரம்பு வச்சாங்க. மாமா வண்டிக்கும் பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருக்கு. எப்படின்னு கேட்காதீங்க. நியாயமா பார்த்தா கூட, நின்ன இடத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சு எடுக்கற டெஸ்ட் அது. மலை ஏத்தத்துல லோடோட திணறுறப்போ வர்ற புகை அதுல முழுசாத் தெரியாது.

நீலப் புகைன்னா என்ஜின் ஆயில் எரியுது. வெள்ளைன்னா பெரும்பாலும் எரியாத டீசல் ஆவி, இல்லைன்னா தண்ணி. கருப்புன்னா டீசலுக்குத் தகுந்த காற்று இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைஞ்சது 12 கிலோ காற்று வேணும். அளவுல சொன்னா சுமார் 10,000 லிட்டர். உள்ளே டீசல் நல்லா கலக்க நேரமில்லாததால நிஜத்துல இதுக்கும் மேலயே வேணும். ஆக, கரும்புகைக்கு ரெண்டே காரணம்: டீசல் கூடியிருக்கணும், இல்லை காற்று குறைஞ்சிருக்கணும். (இல்லை ரெண்டும். அதைத்தான் நான் யோசிக்கலை.)

ஏர் ஃபில்டரைக் கழட்டினேன், சுத்தம். வால்வ் கேப், நாசில் எல்லாம் எனக்கு அப்பாற்பட்ட விஷயம். திண்டுக்கல்ல ஒரு பம்ப் பாய் இருக்கார்னு சொன்னாங்க. நாப்பது வருஷமா டீசல் பம்ப் மட்டுமே பார்க்கறவர். மாமாவையும் ஏத்திக்கிட்டுப் போனேன்.

பம்ப்ங்கறது என்னன்னு தெரியாதவங்களுக்கு: டீசலோட முதல் என்ஜின்ல எரிபொருளை உள்ளே தள்ளுறதுக்கு அழுத்தின காற்றைத்தான் பயன்படுத்தினாங்க. அதுக்குத் தனியா ஒரு கம்ப்ரஸர். கப்பல்ல, கரண்ட் ஸ்டேஷன்ல வைக்கலாம், வண்டியில எங்கே வைக்கறது? 1922-ல ராபர்ட் போஷ் இதுல இறங்கினார். 1927-ல அவரோட இன்ஜெக்ஷன் பம்ப் உற்பத்திக்கு வந்துச்சு. ஒரு சின்ன உலோகத் தண்டு, உள்ளங்கையில அடங்கற உருளை. அந்தத் தண்டைத் திருப்புறதைப் பொறுத்து ஒவ்வொரு சொட்டும் இவ்வளவுதான்னு அளந்து அனுப்பும். டீசல் லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் பெருகினதுக்கு இந்தச் சொட்டுக் கணக்கு ஒரு முக்கிய காரணம். 1975-ல எல்லா சிலிண்டருக்கும் ஒரே தண்டு பகிர்ந்து கொடுக்கற விஇ பம்ப் வந்ததும் டீசல் சின்ன வண்டிங்களுக்கும் இறங்கிச்சு. நம்ம நாட்டுல 1951-ல பெங்களூர்ல மைகோ கம்பெனி ஆரம்பிச்சாங்க. 2008-ல பேரு போஷ்னே மாறிட்டாலும் பாய் மாதிரி ஆளுங்க வாயில இன்னும் மைகோ பம்ப்தான்.

இந்த பம்புல ஒரு ஸ்க்ரூ உண்டு. முழு மிதியில அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம்னு கட்டுப்படுத்தறது. கம்பெனியில டெஸ்ட் பெஞ்ச்ல வச்சு கண்ணாடிக் குழாயில சிசி கணக்கா அளந்து செட் பண்ணி, யாரும் கை வைக்காம இருக்க சீல் வச்சு அனுப்புவாங்க.

பாய் பானெட்டைத் திறந்தார். டார்ச் அடிச்சார். ஒரு நிமிஷம் கூட ஆகலை.

"சீலை யாரு உடைச்சா?"

மாமா முழிச்சார். நான் நோட்டைப் புரட்டினேன். 7.5-க்கு விழுந்த அந்த வாரம், ஒரு ஒர்க்‌ஷாப்புல வண்டி ரெண்டு நாள் நின்னிருக்கு. அண்ணன் கையெழுத்துல, "மலையில் இழுவை இல்லை என்று விட்டது". மாமாவுக்கும் ஞாபகம் வந்துச்சு. "ஆமா, எடுத்துட்டு வந்தப்போ பிச்சுக்கிட்டுப் போச்சே."

"போகும் சார். ஸ்க்ரூவை உள்ள திருகிவிட்டா டீசல் கூடப் போகும், இழுக்கத்தான் செய்யும். பாதி இழுவை, பாதி புகை." பாய் சிரிச்சார். "ஆனா முதல்ல இழுவை ஏன் போச்சு? அதை யாரும் கேட்கலை பாருங்க."

இங்கதான் டர்போ வருது. அதோட பிதாமகர் ஆல்ஃபிரட் பூஷி, சுவிட்சர்லாந்துக்காரர். என்ஜின் வெளியே தள்ளுற சூடான புகையில இன்னும் எவ்வளவோ சக்தி வீணாப் போகுதே, அதை வச்சு ஒரு விசிறியைச் சுத்தவிட்டு, அந்த விசிறியை வச்சு உள்ளே வர்ற காற்றை அமுக்கி அனுப்பினா என்னன்னு யோசிச்சு 1905-ல காப்புரிமை வாங்கினார். சொன்னதைச் செஞ்சு காட்ட இருபது வருஷம் ஆச்சு. 1925-ல அதே என்ஜின்ல 40 சதவீதம் அதிக சக்தி எடுத்துக் காட்டினார். இருபது வருஷம் ஒரே யோசனையைக் கட்டிக்கிட்டு அழ யாரால முடியும்? ரெண்டு வார ஸ்ப்ரிண்ட்லயே எனக்குப் பொறுமை போயிடுது.

டர்போ முதல்ல கப்பலுக்கும் லாரிக்கும் போச்சு. 1973-ல கச்சா எண்ணெய் விலை சில மாசத்துல நாலு மடங்கு ஆனதும் எல்லார் பார்வையும் டீசல் பக்கம் திரும்பிச்சு. டீசல் காருக்கு இழுவை பத்தலைங்கற குறையைத் தீர்க்க 1978-ல மெர்சிடிஸ் 300 எஸ்டி டர்போவோட வந்துச்சு. காடு மேடு ஏறுற வண்டிங்களுக்கு அடுத்த பத்து வருஷத்துல: 1985-ல டொயோட்டா லேண்ட் க்ரூஸர், 1986-ல ரேஞ்ச் ரோவர், 1989-ல லேண்ட் ரோவர் டிஸ்கவரி. நம்ம ஊர்ல 1980-கள்ல மஹிந்திரா ஜீப்புல பூஜோ டீசல் என்ஜின்தான், டர்போ கிடையாது. மலைக்கு மேல 1,200 மீட்டர் போனாலே காற்று பத்து சதவீதத்துக்கு மேல மெலிஞ்சிடும். மலை ஜீப்புங்க கரும்புகை விட்டுக்கிட்டு ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம். 1998-ல டாடா சஃபாரி, 2002-ல மஹிந்திரா ஸ்கார்பியோன்னு டர்போ டீசல் நம்ம ரோட்டுக்கும் வந்து சேர்ந்துச்சு.

டர்போவோட சேர்ந்து புதுசா ஒரு நோயும் வந்துச்சு. பழைய என்ஜின் தனக்கு வேணுங்கற காற்றைத் தானே உறிஞ்சிக்கும். டர்போ என்ஜினுக்குக் காற்று அழுத்தத்தோட வருது. வர்ற வழியில ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலர், மறுபடி ஹோஸ். எதுல ஓட்டை விழுந்தாலும் அமுக்கின காற்று வெளியே போயிடும். பம்ப் தலையில ஒரு டயாஃப்ரம் இருக்கு. காற்றழுத்தம் கூடினா டீசலைக் கூட்டு, குறைஞ்சா குறைன்னு அது கணக்கு பார்க்கும். அதனால ஹோஸ் கிழிஞ்சா முதல்ல புகை பெருசா வராது, இழுவைதான் போகும். டிரைவர் கியரைக் குறைச்சு, மிதியைக் கூட்டி, ரொம்ப நேரம் ஓட்டி மலை ஏறுவார். மைலேஜ் மெல்ல வழுக்கும். அதுதான் என் படத்துல ரெண்டாவது படி! அப்ப யாராவது வந்து "இழுவைதானே வேணும்?"னு ஸ்க்ரூவைத் திருகிவிட்டா, டயாஃப்ரம் பார்த்த நேர்மையான கணக்கு அவ்வளவுதான். காற்று இல்லாத இடத்துக்கு டீசலைக் கொட்டுறோம். மூணாவது படி.

பாய் இன்டர்கூலர் ஹோஸை அடியிலேர்ந்து தடவினார். கை முழுக்க எண்ணெயும் புழுதியும். "டர்போவுல கொஞ்சம் ஆயில் கசிவு எப்பவும் இருக்கும் தம்பி. ஓட்டை இருக்கற இடத்துல அது வெளியே தெறிச்சு மண்ணைப் பிடிச்சுக்கும்." வண்டி நின்னுக்கிட்டு ஓடுறப்போ ஒண்ணுமே தெரியலை. பைப்பை ஒரு பக்கம் அடைச்சு, இன்னொரு பக்கம் கம்ப்ரஸர்லேர்ந்து அளவாக் காத்து விட்டு, சோப்புத் தண்ணி ஊத்தினார். கிளாம்ப்புக்கு ஒட்டி, கண்ணுக்கே தெரியாத ஒரு வெடிப்பு. புஸ்ஸுன்னு நுரை.

மாமா அந்த நுரையையே பார்த்துக்கிட்டு நின்னார்.

ஹோஸ் மாத்தி, பம்பைக் கழட்டி பெஞ்ச்ல ஏத்தி, கண்ணாடிக் குழாய்ல டீசலை நிரப்பி நிரப்பி அளந்து, நாசில் நாலையும் டெஸ்ட் பண்ணினார். ஒண்ணு தூறலுக்குப் பதிலா ஒழுகுச்சு, அதையும் மாத்தினார். ரெண்டு நாள் வேலை. புது சீல் வச்சார். வர்ற வழியில டேங்க்கை ஃபுல் பண்ணி, ஒரு வாரம் கழிச்சு அதே பங்க்ல அதே மாதிரி ஃபுல் பண்ணி கணக்குப் போட்டதுல மீட்டர்படி 10.3. டயரைக் கணக்குல சேர்த்தா 10.7.

"இப்பல்லாம் ஸ்கேனர் சொருகினா எல்லாம் சொல்லிடுமே பாய்"னு கேட்டேன். 1997-ல ஆல்ஃபா ரோமியோ 156-லயும் மெர்சிடிஸ்லயும் காமன் ரெயில் வந்ததுலேர்ந்து ஸ்க்ரூ எல்லாம் போச்சு, 1,350 பார் அழுத்தத்துல ஆரம்பிச்சு கம்ப்யூட்டர்தான் சொட்டு அளக்குது. அவர் ஷெட் மூலையைக் காட்டினார். ஒரு புது எஸ்யூவி நிக்குது. நாலு இன்ஜெக்டர்லேர்ந்தும் நாலு குழாய், நாலு சின்ன பாட்டில். என்ஜின் ஓடுது. ஒரு பாட்டில் மட்டும் மத்ததை விட சீக்கிரம் நிறையுது. எந்த இன்ஜெக்டர் டீசலை அதிகமாத் திருப்பி அனுப்புதோ அதுதான் நோயாளி. "ஸ்கேனர் பிரஷர் கம்மின்னு சொல்லும் தம்பி. யாருன்னு பாட்டில்தான் சொல்லும்."

டிரைவர் அண்ணன் அதுக்குள்ள வேற ஒருத்தர்கிட்ட குட்டியானை ஓட்டிக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திக்கிட்டிருந்தார். மாமா ரெண்டு நாள் ஃபோனைக் கையில வச்சுக்கிட்டே சுத்தினார். மூணாவது நாள் அத்தைதான் பேசினாங்க. அண்ணன் உடனே வரலை. பத்து நாள் கழிச்சு வந்தார், ஒரே ஒரு நிபந்தனையோட. டீசல் போடறப்போ முதலாளி கூட வரணும், நோட்டை முதலாளிதான் எழுதணும். மாமா மன்னிப்பெல்லாம் கேட்கலை. "சரிப்பா"ன்னு மட்டும் சொன்னாராம்.

இப்ப அப்படித்தான் நடக்குது. அண்ணன் வண்டியை நிறுத்திட்டு டீக்கடைப் பக்கம் போயிடுவாராம். மாமா மீட்டர் பக்கத்துல நின்னு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, கோடு போட்ட நோட்டுல எழுதுறார். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஃபோன்.

"மாப்ள, 14 வருதுடா! பம்ப் பாய் என்னமோ பண்ணியிருக்கார்!"

நோட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். இந்தத் தடவை டேங்க் ஃபுல் பண்ணாம ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் போட்டிருக்கார்.